ஒரு இணைப்பு, நான்கு கம்ப்யூட்டர்கள்

வீட்டில் இன்டர்நெட் இணைப்பு ஒன்றுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர்களோ ஒன்றுக்கு மேல். அவையும் ஒரே வகை இல்லை. "என் கம்ப்யூட்டரில் விண்டோஸ், தம்பியுடையதில் லினக்ஸ். இரண்டையும் ஒரே இணைப்பில் பயன்படுத்த முடியுமா, அல்லது தனித்தனி இணைப்பு வாங்க வேண்டுமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு இணைப்பு போதும். எந்த வகைக் கம்ப்யூட்டரும் அதைப் பகிர்ந்து கொள்ளலாம். அதற்குத் தனியாக சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இணைப்பைப் பகிரும்போது அதனுடன் வேறு ஒன்றையும் பகிர்கிறோம். அதைப் பலரும் கவனிப்பதில்லை. அது என்ன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

காரமடையில் ஒரு வீடு

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக் கொள்வோம். காரமடையில் ஒரு குடும்பம். அப்பாவுக்கு வாழை, பாக்கு, கறிவேப்பிலை என்று விவசாயம். அதன் கணக்கு வழக்கை விண்டோஸ் 10 உள்ள பழைய டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறார். அதில் வை-பி வசதி கிடையாது. அக்காவிடம் பள்ளியில் படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். கோவையில் டிசைன் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில் ஆப்பிள் மேக் லேப்டாப்புடன் உட்காருகிறார். பிளஸ் 2 முடித்த தங்கைக்கு இப்போது புதிதாக விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியாயிற்று. இவை தவிர ஆளுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன்.

அந்த அரசு லேப்டாப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது தரப்பட்ட லேப்டாப்களில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய சிஸ்டம் இது. ஆக, லினக்ஸ் என்பது எங்கோ வல்லுநர்கள் பயன்படுத்தும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் பல ஆண்டுகளாக அலமாரியில் இருக்கும் லேப்டாப்பிலேயே அது இருக்கிறது.

இந்த நான்கையும் ஒரே இணைப்பில் சேர்ப்பதுதான் நம் வேலை.

முன்பு எப்படிச் செய்தோம்?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. அது டெலிபோன் லைனில் டயல் செய்யும் காலம். மோடம் கம்ப்யூட்டரிலேயே இணைந்திருக்கும். இரண்டாவது கம்ப்யூட்டருக்கும் இணைப்பு வேண்டும் என்றால், முதல் கம்ப்யூட்டரே தன் இணைப்பைப் பங்கு போட்டுத் தர வேண்டும். இதற்காக மைக்ரோசாப்ட் 1999-ல் வெளியிட்ட விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் 'இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்' என்ற வசதியைச் சேர்த்தது. இதில் ஒரு தொல்லை உண்டு. முதல் கம்ப்யூட்டரை அணைத்தால் மற்றவற்றுக்கும் இணைப்பு போய்விடும்.

2005 ஜனவரியில் இரண்டு மாற்றங்கள் வந்தன. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'டேட்டா ஒன்' என்ற பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. அதே மாதத்தில் மத்திய அரசு, குறைந்த சக்தியில் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பி கருவிகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. பிராட்பேண்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு மோடம் வந்தது. வை-பிக்கு அனுமதி கிடைத்ததும் வயர் இல்லாமல் பகிரும் வழியும் திறந்தது.

அன்று பிராட்பேண்ட் என்றால் விநாடிக்கு 256 கிலோபிட் வேகம்தான். மாதத்திற்கு இத்தனை மெகாபைட் என்ற வரம்பும் உண்டு. இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கணக்கில் சேராத நேரத்தில் டவுன்லோட் செய்தவர்கள் இன்றும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த வேகத்தை இரண்டு கம்ப்யூட்டர்கள் பகிர்ந்தால் இரண்டுமே நகராது. இன்று பைபர் இணைப்பில் சாதாரணத் திட்டங்களே விநாடிக்கு 30, 40 மெகாபிட் என்று தொடங்குகின்றன. பகிர்வதற்குத் தேவையான வேகம் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது.

லைன் வீட்டு முகவரி

வகை வேறாக இருந்தும் எல்லாக் கம்ப்யூட்டர்களும் எப்படி ஒரே இணைப்பில் இயங்குகின்றன? இதைப் புரிந்து கொண்டால் பின்னால் வரும் சிக்கல்களை நீங்களே தீர்த்து விடலாம்.

நம் பக்கத்தில் லைன் வீடுகள் உண்டு. தெருவில் இருந்து பார்த்தால் ஒரே வாசல், ஒரே கதவு எண். உள்ளே பத்து குடித்தனம். கடிதம் வாசலுக்கு வருகிறது. வீட்டுக்காரம்மா வாங்கி, "இது மூணாவது வீட்டுக்கு, இது கடைசி வீட்டுக்கு" என்று பிரித்துக் கொடுக்கிறார். போஸ்ட்மேனுக்கு உள்ளே எத்தனை குடித்தனம் என்று தெரிய வேண்டியதே இல்லை.

உங்கள் வீட்டு ரூட்டர்தான் அந்த வீட்டுக்காரம்மா. வெளி உலகத்திற்கு உங்கள் வீடு ஒரே ஐ.பி. முகவரியாகத் தெரிகிறது. உள்ளே உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரூட்டர் ஒரு தனி எண்ணைத் தருகிறது. இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். தங்கையின் லேப்டாப் கேட்ட வெப்சைட் எது, அண்ணனின் மேக் கேட்டது எது என்று ரூட்டர் குறித்து வைத்துக் கொண்டு, வரும் டேட்டாவைச் சரியாகப் பிரித்து அனுப்புகிறது. இதற்கு 'நாட்' என்று பெயர். இன்டர்நெட்டில் நெடுங்காலமாகப் பயன்படும் முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்களே உண்டு. உலகில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது போதாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாமே நெட்வொர்க்கில் 'டி.சி.பி./ஐ.பி.' என்ற ஒரே மொழியைப் பேசுகின்றன. பேசுவது எந்தக் கம்ப்யூட்டர் என்பது ரூட்டருக்கு முக்கியமில்லை. வகை வேறாக இருப்பது ஒரு தடையே இல்லை என்பதற்கு இதுவே காரணம்.

தேவையான பொருள்கள்

பைபர் இணைப்பு என்றால் நிறுவனத்தார் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். பெரும்பாலான பெட்டிகளில் மோடம், ரூட்டர், வை-பி மூன்றும் ஒன்றாகவே இருக்கும். பின்பக்கம் 'லேன்' என்று எழுதிய போர்ட்கள் இருந்தால், மேலே வை-பி விளக்கும் எரிந்தால், உங்களுக்குத் தனி ரூட்டர் தேவையில்லை.

ஒரே ஒரு லேன் போர்ட் மட்டும் இருந்து வை-பி இல்லை என்றால், தனியாக ஒரு வை-பி ரூட்டர் வாங்கவும். பெட்டியிலிருந்து வரும் கேபிளை ரூட்டரில் 'வேன்' என்ற போர்ட்டில் செருகவும். இந்த போர்ட் பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும்.

சில இணைப்புகளில் கம்ப்யூட்டரில் யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து 'கனெக்ட்' அழுத்தினால்தான் இன்டர்நெட் வரும். அப்படியானால் பெட்டி 'பிரிட்ஜ் மோட்' என்ற நிலையில் இருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் இரண்டாவது கம்ப்யூட்டரை இணைத்தால் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்த யூசர் நேம், பாஸ்வேர்ட் இரண்டையும் ரூட்டரில் 'பி.பி.பி.ஓ.இ.' என்ற பிரிவில் பதிந்து விடவும். அதன் பின் ரூட்டரே லாக்-இன் செய்து கொள்ளும். கம்ப்யூட்டர்களில் எதுவும் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் வரலாம். உள்ளூர் கேபிள்காரர் மூலம் இணைப்பு வாங்கிய சில இடங்களில், முதலில் இணைத்த கம்ப்யூட்டரின் மேக் முகவரியுடன் இணைப்பைப் பூட்டி விடுவார்கள். இந்த மேக் வேறு, ஆப்பிள் மேக் வேறு. இது நெட்வொர்க் கார்டில் பதிந்திருக்கும் எண். அப்படிப் பூட்டியிருந்தால் ரூட்டரை மாட்டியதும் இணைப்பு வராது. கேபிள்காரரிடம் ரூட்டரின் எண்ணைச் சொல்லி மாற்றச் சொல்லவும். அல்லது ரூட்டரில் 'மேக் குளோன்' என்ற வசதியைப் பயன்படுத்தவும்.

ஒவ்வொன்றாக இணைப்போம்

முதலில் அப்பாவின் டெஸ்க்டாப். இதில் வை-பி இல்லாததால் கேபிள்தான் எளிய வழி. கடையில் 'கேட் 6' லேன் கேபிள் என்று கேட்டு வாங்கவும். ஒரு முனையைக் கம்ப்யூட்டரிலும் மறுமுனையை ரூட்டரின் லேன் போர்ட்டிலும் செருகவும். அவ்வளவுதான், வேறு செட்டிங்ஸ் தேவையில்லை. கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கேபிள் இழுக்க முடியாத அறை என்றால், யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறிய வை-பி அடாப்டர் வாங்கலாம்.

அடுத்து தங்கையின் விண்டோஸ் 11 லேப்டாப். திரையின் கீழே, டாஸ்க் பாரின் வலது கோடியில் உள்ள நெட்வொர்க் ஐகானில் கிளிக் செய்திடவும். வை-பி அடையாளத்தின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்தால் அருகில் உள்ள நெட்வொர்க்குகளின் பட்டியல் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்து 'கனெக்ட்' கிளிக் செய்து பாஸ்வேர்ட் டைப் செய்திடவும்.

அண்ணனின் மேக்கில் இந்த ஐகான் திரையின் மேல் பகுதியில், வலது பக்கம் இருக்கும். கிளிக் செய்து, பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்ட் கொடுத்தால் போதும்.

அக்காவின் லேப்டாப்பை இயக்கும்போது விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். லினக்ஸைத் தேர்ந்தெடுக்கவும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். லினக்ஸிலும் நெட்வொர்க் ஐகான் திரையின் ஒரு மூலையில் இருக்கும். வழிமுறை அதேதான். சில நேரம் லினக்ஸில் வை-பி பட்டியலே வராது. ரூட்டரில் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். வை-பி சிப்பிற்கான டிரைவர் இல்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். லேன் கேபிளைச் செருகி இன்டர்நெட் பெற்று, டிரைவரை நிறுவிக் கொள்ளலாம். கேபிள் இல்லையா? ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. வயரால் இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்திடவும். லினக்ஸ் அதை லேன் கேபிள் போலவே எடுத்துக் கொள்ளும்.

பழைய லேப்டாப்பில் மட்டும் பெயர் தெரியவில்லையா? இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பாகலாம். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். இரண்டையும் ஆன் செய்து வைக்கவும். மற்றொன்று, ரூட்டர் புதிய 'டபிள்யூ.பி.ஏ.3' பாதுகாப்பில் மட்டும் இருக்கலாம். இதில் பெயர் தெரிந்தாலும் இணையாது. 'டபிள்யூ.பி.ஏ.2/3' என்று இரண்டும் கலந்த பிரிவைத் தேர்ந்தெடுத்தால் பழையதும் புதியதும் சேர்ந்து இயங்கும்.

இணைப்பு சரியாக வந்ததா?

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்புத் திரை கிடைக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்து மீண்டும் என்டர் தட்டவும். 'ஐ.பி.வி.4 அட்ரஸ்' என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரூட்டர் எண் கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து எண் வரவில்லை. கேபிளைச் சரி பார்க்கவும். ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இயக்கவும்.

எண் சரியாக இருந்தும் இன்டர்நெட் வரவில்லை என்றால், பிழை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்க வாய்ப்பு குறைவு. பைபர் பெட்டியைப் பாருங்கள். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே பைபர் அறுந்திருக்கலாம். நிறுவனத்திற்குப் போன் செய்வதுதான் வழி.

ரூட்டரே இல்லாத இடத்தில்

கேபிள் வராத தோட்டத்துச் சாளையில் என்ன செய்வது? போனில் 'ஹாட்ஸ்பாட்' ஆன் செய்தால் போனே சிறிய ரூட்டராகி விடும். மற்ற கம்ப்யூட்டர்கள் அதில் வை-பி மூலம் இணையலாம். போன் திட்டத்தின் தினசரி டேட்டா வரம்பை மட்டும் கவனத்தில் வைக்கவும்.

ஒரு கம்ப்யூட்டரில் கேபிள் மூலம் இன்டர்நெட் இருந்து, ரூட்டர் இல்லை என்றாலும் வழி உண்டு. விண்டோஸ் 10, 11-ல் 'செட்டிங்ஸ்' சென்று 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பிரிவில் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' ஆன் செய்திடலாம். அந்தக் கம்ப்யூட்டரில் வை-பி வசதி இருக்க வேண்டும். எட்டுக் கருவிகள் வரை இணையலாம். மேக்கில் இதே வசதி 'இன்டர்நெட் ஷேரிங்' என்ற பெயரில் இருக்கிறது. 1999-ல் பார்த்த அந்தப் பழைய வசதியின் வாரிசுதான் இது. அதே குறையும் இருக்கிறது. முதல் கம்ப்யூட்டர் அணைந்தால் எல்லாம் அணையும்.

தேர்த் திருவிழா நெரிசல்

மாசி மகத் தேரன்று மேட்டுப்பாளையம் ரோடு எப்படி இருக்கும் என்று காரமடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோடு அதேதான், வண்டிகள்தான் அதிகம். வீட்டு இன்டர்நெட்டும் அப்படித்தான். 40 மெகாபிட் என்பது மொத்த வீட்டுக்கும் சேர்த்து. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 40 கிடைக்காது.

இங்கே ஒரு கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 40 மெகாபிட் வேகத்தில் விநாடிக்கு 5 மெகாபைட் டவுன்லோட் ஆகும். 1 கிகாபைட் பைல் இறங்க ஏறத்தாழ மூன்றரை நிமிடம். "40 என்றார்கள், 5 தான் வருகிறது" என்று நிறுவனத்திடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

வீடியோ பேச்சுக்கு 2, 3 மெகாபிட் போதும். தெளிவான எச்.டி. படத்திற்கு 5 மெகாபிட் அளவு. ஆக, நான்கு பேர் சாதாரணமாகப் பயன்படுத்த 40 தாராளம். தொல்லை வருவது பெரிய அப்டேட்கள் ஒரே நேரத்தில் இறங்கும்போதும், போன்கள் எடுத்த போட்டோக்களை எல்லாம் மேலே அனுப்பும்போதும்தான்.

இதில் விளையாட்டாக இருக்க முடியாத நாள்களும் உண்டு. தமிழகப் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யக் குறிப்பிட்ட நாள்கள்தான் தருவார்கள். தங்கை கடைசி நாளில் பதிவு செய்யும்போது இணைப்பு திணறினால், ஓராண்டு உழைப்பு அல்லவா கேள்விக்குறியாகும்? அன்று மற்றவர்கள் டவுன்லோடுகளை நிறுத்தி வைக்கட்டும். தங்கையின் லேப்டாப்பை வை-பியில் விடாமல் லேன் கேபிளில் இணைக்கவும். மாற்று ஏற்பாடாக ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே லேப்டாப்பில் இணைத்துப் பார்த்து வைக்கவும். கடைசி நாள் வரை காத்திராமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

ரூட்டரை வைக்கும் இடமும் முக்கியம். டி.வி. அலமாரிக்குள்ளோ, இரும்பு பீரோவின் பின்னாலோ வைக்காதீர்கள். வீட்டின் நடுப்பகுதியில், உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கவும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டித் தூரம் செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனமான சுவருக்குப் பின்னால் சோர்ந்துவிடும். மாடிக்கு எட்டவில்லை என்றால், இரண்டாவது ரூட்டரைக் கேபிள் மூலம் இணைத்து, அதை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலையில் மாற்றிவிடவும். இரண்டு ரூட்டர்களும் ஒரே நெட்வொர்க்கில் எண் கொடுக்கத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு லைன் வீட்டுக்கு இரண்டு வீட்டுக்காரம்மா கூடாது.

வீட்டிலிருந்து தோட்டத்துச் சாளைக்கு வெளியே லேன் கேபிள் இழுப்பவர்கள் கவனிக்கவும். அது செம்புக் கம்பி. இடி மின்னல் நேரத்தில் இரு முனையிலும் உள்ள கருவிகளைக் கெடுத்துவிடும். வெளியே இழுப்பதானால் பைபர் கேபிள்தான் பாதுகாப்பானது. வீட்டுக்கு வரும் பைபரில் மின்சாரம் பாயாது என்றாலும், ரூட்டரின் அடாப்டர் மின் இணைப்பில்தான் இருக்கிறது. பலத்த இடி என்றால் பிளக்கைக் கழற்றி விடவும். கரண்ட் போகும் நேரத்திற்கு, ரூட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது.

நாம் பகிரும் மற்றொன்று

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். இணைப்பைப் பகிரும்போது ஆபத்தையும் சேர்த்துத்தான் பகிர்கிறோம்.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ் இது. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால் போதும், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு யாரும் எதையும் கிளிக் செய்யாமலே தாவியது. விண்டோஸின் பழைய பைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை அதற்கு வழி விட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே தந்திருந்தது. அதை நிறுவாதவர்கள்தான் மாட்டினார்கள்.

நம் காரமடை வீட்டைப் பாருங்கள். அக்காவின் லேப்டாப்பில் உள்ள விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. அப்பாவின் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் பொதுவான ஆதரவு முடிந்தது. புதிய விண்டோஸ் 11 எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், பக்கத்தில் அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால், வீட்டின் பின்கதவு திறந்திருக்கிறது என்றுதான் பொருள். அதனால்தான் அக்காவை லினக்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அதையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆண்டுக் கணக்கில் அப்டேட் செய்யாத லினக்ஸும் பழையதுதான். முடிந்தால் புதிய பதிப்பை நிறுவிக் கொள்ளவும். கட்டணம் எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர்களுக்குள் பைல்களைப் பகிரும்போது, பழைய கம்ப்யூட்டர் தெரியவில்லை என்பதற்காக விண்டோஸில் 'எஸ்.எம்.பி.1' என்ற பழைய முறையை ஆன் செய்யச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். வான்னாக்ரை வந்த வழியே அதுதான். ஒன்றிரண்டு பைல்களுக்கு பென் டிரைவ் போதும்.

வாசலைப் பூட்டுங்கள்

மற்றொரு ஆபத்து வெளியிலிருந்து வருவது. 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் ஒரு மிரட்டல் இமெயில் அனுப்பப்பட்டது. விசாரணையில் அது நவி மும்பையில் வசித்த ஒருவரின் வீட்டு இணைப்பிலிருந்து சென்றது தெரிய வந்தது. அவருடைய வை-பியை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் போலீஸ் முதலில் தட்டியது அவர் வீட்டுக் கதவைத்தான். லைன் வீட்டுக் கதையை நினைவில் கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே கதவு எண்தான் தெரியும். உள்ளே யார் செய்தாலும் முதல் கேள்வி இணைப்பை வாங்கியவரிடம்தான் வரும்.

எனவே கீழ்க்காணும் ஐந்தையும் இன்றே செய்திடவும்.

1. பிரவுசரில் 192.168.1.1 என்று டைப் செய்து ரூட்டரின் பக்கத்தைத் திறக்கவும். எண் வேறாக இருந்தால் ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அதற்கான அட்மின் பாஸ்வேர்டை முதலில் மாற்றவும். இது வை-பி பாஸ்வேர்ட் அல்ல, ரூட்டருக்கு உரியது.

2. வை-பி பாதுகாப்பு 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். 'வெப்' அல்லது 'ஓப்பன்' என்று இருந்தால் உடனே மாற்றவும். பாஸ்வேர்டில் 12 எழுத்துகளுக்குக் குறையக் கூடாது. போன் நம்பரை வைக்க வேண்டாம்.

3. 'டபிள்யூ.பி.எஸ்.' என்ற வசதியை ஆப் செய்திடவும்.

4. உறவினர்கள் வந்தால் 'கெஸ்ட் நெட்வொர்க்' கொடுங்கள். அவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும், உங்கள் கம்ப்யூட்டர்கள் தெரியாது. அப்டேட் நின்றுபோன பழைய கம்ப்யூட்டரையும் இதிலேயே இணைக்கலாம்.

5. ரூட்டர் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கும். மாதம் ஒரு முறை பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றவும்.

பக்கத்து வீட்டுக்குக் கேபிள் இழுத்து மாதக் கட்டணத்தைப் பாதியாகப் பிரித்துக் கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். பொதுவாக நிறுவனங்களின் விதிமுறைகள் இதை அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், அவர்கள் வீட்டில் நடப்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

இறுதியாக

நான்கு கம்ப்யூட்டர்கள், நான்கு வகை, ஒரே இணைப்பு. இணைப்பது கடினமல்ல என்பதைப் பார்த்தோம். ஒரு மாலை நேரம் போதும். ஆனால் இணைத்த பிறகு உங்கள் வீட்டின் பாதுகாப்பு, உள்ளே இருக்கும் மிகப் பழைய கம்ப்யூட்டரின் பாதுகாப்பு எவ்வளவோ அவ்வளவுதான். எனவே புதிய லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து இணைக்கும் அன்றே, அலமாரியில் இருக்கும் பழையதையும் எடுத்து ஒரு முறை பார்த்து விடுங்கள். அப்டேட் செய்ய முடியுமானால் செய்திடுங்கள். முடியாவிட்டால் அதைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். அப்புறம் தங்கை கலந்தாய்வில் இருக்கும்போதே அண்ணன் மீட்டிங்கில் பேசலாம். அப்பா வாழைத்தார் விலையைப் பார்க்கலாம்.